பேரிடர் மேலாண்மையில் பட்டப்படிப்பு தொடங்கலாமா? ஊத்தங்கரை மழையை வைத்து ஒரு பதில்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஃபெங்கல் புயல் மழைக்குப் பிறகு, பேரிடர் மேலாண்மையில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் தொடங்கலாம் என்று எங்கள் நிர்வாகம் பேசுகிறது. பாடத்திட்டம் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, யாரை வைத்து நடத்துவது, படித்தவர்களுக்கு வேலை கிடைக்குமா?

பதில்:

வேலையைப் பற்றிக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் அதில் தொடங்குகிறேன், ஏனென்றால் சேர்க்கைக்கு வரும் பெற்றோர் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பர்கூர் பக்கத்திலிருந்து மகளை எக்ஸ்எல் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவரும் அப்பாவிடம் பேரிடர் மேலாண்மை என்று சொல்லிப் பாருங்கள். "இத முடிச்சா என்ன போஸ்ட்டுங்க?" என்பார். கலெக்டர் ஆபீசில் பேரிடர் பிரிவைப் பார்ப்பவர் வருவாய்த் துறைத் தாசில்தார். அவர் அந்த நாற்காலிக்கு வந்தது பதவி உயர்வாலும் மாறுதலாலும். டிகிரியைக் காட்டி அல்ல. நானும் வருவாய்த் துறையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவன். வெள்ளச் சேதம் கணக்கெடுக்க எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. மூத்த ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) ஒருவர் பின்னாலேயே சேற்றில் நடந்துதான் கற்றுக்கொண்டேன். ஓய்வுக்குப் பிறகு சில கல்லூரிகளில் இந்தப் பாடத்துக்கு வகுப்பு எடுத்தேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் படிப்புக்கு அமெரிக்காவை முன்மாதிரியாகக் காட்டுவார்கள். அங்கே வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1983-ல் இதற்கென ஓர் இளநிலைப் பட்டம் தொடங்கியது. 1994-ல் அந்நாட்டின் மத்திய அவசரநிலை முகமையான ஃபெமா, கல்லூரிகளில் இந்தப் படிப்பைப் பரப்பத் தனித் திட்டமே வைத்தது. இன்று நூற்றுக்கணக்கான படிப்புகள் இருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பனிப்போர்க் காலத்துக் குடிமைப் பாதுகாப்பு அமைப்பின் வழியாக, கவுண்டி என்கிற அவர்களுடைய மாவட்டங்களில் இந்த வேலைக்கென்று ஆட்கள் முன்பே இருந்தார்கள். நாற்காலி முதலில் வந்தது, அதில் உட்காரப் படித்தவர்கள் பிறகு வந்தார்கள். நாம் நாற்காலி இல்லாமல் ஆளைத் தயாரிக்கப் பார்க்கிறோம்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஓசூரில் இருக்கிறது. 1984 போபால் விஷவாயுவுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. திருத்தம் ஆபத்தான ஆலைகள் மேல் இன்னும் பொறுப்பை ஏற்றியது. 2020-ன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த ஆயிரத்தை ஐந்நூறாகக் குறைத்தது. ஆபத்தான செயல்முறை உள்ள ஆலைக்கு 250. சட்டம் பதவியைக் கட்டாயமாக்கியதால் தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமோவுக்கு மதிப்பு வந்தது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் அந்த டிப்ளமோவோடு சுற்றுபவனுக்கு இண்டர்வியூவாவது கிடைக்கும்.

ஆகவே, நேராக மூன்றாண்டுப் பட்டத்துக்குப் போகாதீர்கள். இருபது பிள்ளைகளைச் சேர்த்து, மூன்று வருடம் கழித்து அவர்கள் குரூப் ஃபோர் தேர்வுக்குத்தான் படிக்கப்போகிறார்கள் என்றால், அதை அவர்கள் பி.ஏ. வரலாறு படித்தும் செய்யலாம்.

உங்களுக்கு நிச்சயமாக வரக்கூடிய மாணவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டே, அதைப் படிக்காமல் இருப்பவர்கள்: கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், 108 வண்டி ஊழியர், தீயணைப்பு வீரர், சிப்காட் ஷிப்ட் சூப்பர்வைசர், தனியார் மருத்துவமனை நர்ஸ், பள்ளி வேன் வைத்திருப்பவர். இவர்களுக்கு ஆறு மாதம், வாரக் கடைசியில் மட்டும் நடக்கும் ஒரு சான்றிதழ்ப் படிப்பு போதும். அதே வகுப்பில் உங்கள் பட்ட மாணவர்கள் பதினைந்து பேரையும் சேர்த்து உட்கார வையுங்கள். இரண்டு கூட்டமும் ஒரே பெஞ்சில் உட்காருவதுதான் இதில் முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பாடத்திட்டத்துக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் பாடத்திட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். பேரிடரின் வரையறை, வகைகள், தணித்தல், ஆயத்தம், மீட்பு, மறுவாழ்வு என்று போகும். தப்பில்லை. ஆனால் இதே சமாச்சாரம் கட்டாயப் பாடமான சுற்றுச்சூழல் கல்வியில் வெள்ளம், நிலநடுக்கம், புயல், நிலச்சரிவு என்று ஒரு பகுதியாக ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கி மறந்தும்விட்டார்கள். அதையே நீட்டி மூன்று வருடம் ஓட்டினால் யாருக்கும் பயனில்லை.

நான் வகுப்பை ஊத்தங்கரையில் தொடங்குவேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. டிவியில் எல்லாரும் கடற்கரையையே காட்டிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 2 காலை எடுத்த 24 மணி நேரக் கணக்கில், கடலிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. அரூரில் 33. வறண்ட மாவட்டம் என்று நாமே நம்மைச் சொல்லிக்கொண்டிருந்த இடம். ஏரி நிறைந்து உபரி நீர் கோடி போய், ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனும் காரும் தண்ணீரில் உருண்டு போனதை நாடே பார்த்தது.

50 சென்டிமீட்டர் என்றால் என்ன என்று வகுப்பில் கேளுங்கள். யாருக்கும் தெரியாது. கரும்பலகையில் கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சுமார் 2,023 கன மீட்டர், அதாவது இருபது லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் ஊரில் கோடையில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் சுமார் 169 லோடு. ஒரே ஏக்கருக்கு, ஒரே நாளில். இதைச் சொன்னதும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகும். அப்புறம் யாராவது ஒருவர் தன் நிலத்தைப் பெருக்கிப் பார்ப்பார். அந்த இடத்தில்தான் பாடம் ஆரம்பிக்கிறது.

அடுத்த கேள்வி, அந்தத் தண்ணீர் எங்கே போனது? ஒரு ஏரி நிறைந்தால் அடுத்த ஏரிக்கு. அங்கிருந்து பாம்பாறு. பாம்பாறு தென்பெண்ணையில் சேரும். தென்பெண்ணை சாத்தனூர் அணைக்குப் போகும். அதே டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.6 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட, விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. நம் மாவட்டத்து மழை இன்னொரு மாவட்டத்து வெள்ளம். ஒரு மாவட்டத்துக்குள் மட்டும் யோசிக்கிற அதிகாரி எங்கே தடுமாறுவார் என்று இதைவிட நன்றாகக் காட்டமுடியாது. பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற ஒரு லஸ்கரை, அதாவது மதகு திறந்து மூடும் ஊழியரைக் கூப்பிட்டு மதகு, கலங்கல், கோடி என்று ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பின் மிகச் சிறந்த விரிவுரை அதுவாகத்தான் இருக்கும். 2017 நவம்பரில் கேஆர்பி என்கிற கிருஷ்ணகிரி அணையில் ஷட்டர் ஒன்று உடைந்து தண்ணீர் வெளியேறியது நினைவிருக்கிறதா? அந்தப் பேச்சு தானாகவே அதற்கும் போகும்.

ஒகேனக்கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்து அணைகளான கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் எவ்வளவு திறந்தார்கள் என்ற செய்தியைப் பார்த்து, எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் எப்போது எவ்வளவு வரும் என்று மாணவர்கள் நோட்டில் எழுதிவைத்து, பிறகு வந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதம் இதைச் செய்தால் போதும். பரிசலை எப்போது நிறுத்தவேண்டும் என்ற முடிவுக்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்று புரியும்.

நிலநடுக்கம், சுனாமியை ஒரு வகுப்பில் முடித்துவிடலாம்.

பட்டாசை மட்டும் அப்படி முடிக்காதீர்கள். 2023 ஜூலை 29-ல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு குடோன் வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7-ல், ஓசூரைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் தருமபுரி மாவட்டத்துப் பையன்கள். தீபாவளி சீசனில் நாலு காசு பார்க்கப் போனவர்கள், அதில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். உங்கள் வகுப்பில் உட்காரப்போகிற வயசு. இந்தப் பாடத்தை நடத்தும்போது குரல் கம்மும், பரவாயில்லை. உரிமத்தில் எழுதியிருக்கும் கிலோவுக்கும் உள்ளே இருக்கும் கிலோவுக்கும் இடையில் என்ன நடக்கிறது, இருப்பு அறைக்கு எத்தனை வழி இருக்கவேண்டும், சீசன் வேலைக்குப் போகிறவன் உள்ளே நுழைந்ததும் முதலில் எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். பரீட்சையில் வராவிட்டாலும் சொல்லுங்கள்.

தொப்பூர் கணவாயை நான் சொல்லவே வேண்டாம். சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், பிரேக் சூடேறி நிற்காமல் போவதும், முன்னால் போகும் வண்டிகள் மேல் லாரி ஏறுவதும் வருடா வருடம் செய்தி. இங்கே கற்றுக்கொள்ளவேண்டியது, பலர் ஒரே நேரத்தில் அடிபட்டுக் கிடக்கும்போது யாரை முதலில் ஏற்றுவது என்பது. கத்துகிறவனை எல்லாரும் தூக்குவார்கள்; சத்தமே இல்லாமல் கிடப்பவன்தான் பல நேரம் மோசமான நிலையில் இருப்பான். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டரை அழைத்து, அரிசி மூட்டைகளை அடிபட்டவர்களாக வைத்து, அவசரத்துக்கேற்ப சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டை கட்டி மைதானத்தில் நடத்தலாம். செலவு நூறு ரூபாய்.

யானையும் இங்கே பேரிடர்தான். ராகி முற்றும் காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்குக் கூட்டமாக வரும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன, குட்டிகள் இரண்டு தாயில்லாமல் நின்றன. யானை வருகிறது என்ற எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேராததும் பல சாவுகளுக்குக் காரணம். தளி பக்கம் எச்சரிக்கையைத் தமிழில் மட்டும் அனுப்பினால் பாதி வீட்டில் கன்னடமும் தெலுங்கும்தான் பேசுகிறார்கள் என்பதை உங்கள் மாணவர்கள்தான் அதிகாரிகளுக்குச் சொல்லவேண்டும். மூன்று மொழியில் நாற்பது நொடிக் குரல் பதிவு ஒன்றைத் தயாரிப்பதையே செய்முறைத் தேர்வாக வைக்கலாம்.

இதோடு மெதுவாக வரும் பேரிடர்களையும் விட்டுவிடாதீர்கள். வெப்ப அலையை 2024-ல் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. நம் குடிநீரில் ஃப்ளோரைடு எத்தனை தலைமுறையின் பல்லையும் எலும்பையும் கெடுத்திருக்கிறது! சைரன் எதுவும் அடிக்கவில்லை. ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதற்காகத்தான்.

இப்போது, இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக உட்காரச் சொன்னதற்குக் காரணம். ஒரு கல்லூரியில் மேசைப் பயிற்சி ஒன்று நடத்தினேன். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. ஒரு மேசை, தாலுகா வரைபடம், நேரம் எழுதிய துண்டுச் சீட்டுகள். முதல் சீட்டு: "இரவு 9.40. ஏரிக்கரையில் தண்ணீர் கசிகிறது என்று ஒருவர் போன் செய்கிறார்." யாருக்குச் சொல்வீர்கள் என்று கேட்டேன். பி.காம். மாணவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "1077" என்றார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண், சரியான பதில்தான். பின் பெஞ்சில் ஒரு பெண் விஏஓ உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னார்: "சார், நான் மொதல்ல எங்க கிராம உதவியாளரை டார்ச்சோட கரைக்கு அனுப்புவேன். அவர் வர்றதுக்குள்ள கோயில் மைக் செட் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டு வாங்கிக்குவேன். அப்புறம்தான் 1077. அவங்க மொத கேள்வியே நீங்க பாத்தீங்களான்னுதான் இருக்கும்."

மைக் செட் சாவி. அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அடுத்த சீட்டு, "10.25. மின்சாரம் போய்விட்டது." மைக் செட் வேலை செய்யாது. இப்போது விஏஓ விழித்தார். அந்த நேரம் ஒரு மாணவன், தன் மாமாவிடம் இன்வெர்ட்டரோடு சவுண்ட் சர்வீஸ் ஆட்டோ இருக்கிறது என்றான். அனுபவம் இருப்பவரிடம் ஒரு பாதியும் இளசுகளிடம் இன்னொரு பாதியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் இடம் இந்த மாவட்டத்தில் வேறெங்கும் இல்லை. கல்லூரி அதைச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நான் போன இன்னொரு கல்லூரியில் ஒத்திகை என்று அழைத்தார்கள். வாசலில் ஃபிளெக்ஸ், மேடையில் சால்வை, ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்ட மாணவர்கள், போட்டோகிராபர். தீயணைப்புக் கருவியை எடுத்துக் காட்டச் சொன்னேன். அதன் கழுத்தில் தொங்கிய அட்டையில் காலாவதித் தேதி தாண்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் போட்டோ எடுத்தார்கள். உங்கள் படிப்பும் அப்படி ஆகிவிடக் கூடாதென்றால், முதல் செமஸ்டரின் முதல் பயிற்சி உங்கள் கல்லூரி வளாகமாகவே இருக்கட்டும். விடுதியின் பின் கதவுக்குப் பூட்டு போட்டிருக்கிறதா, வேதியியல் ஆய்வகத்தில் எது எதன் பக்கத்தில் இருக்கிறது, சக்கர நாற்காலியில் வரும் மாணவி இரண்டாம் மாடியிலிருந்து எப்படி இறங்குவாள் என்று மாணவர்கள் எழுதட்டும். நிர்வாகத்துக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். அந்த அறிக்கையைத் தாங்கிக்கொள்கிற நிர்வாகம் என்றால் படிப்பைத் தொடங்குங்கள்.

யாரை வைத்து நடத்துவது? புதிதாக ஆள் எடுக்க வேண்டாம். கணக்கு, பொருளியல், வேதியியல், சமூகப்பணி, தமிழ் என்று துறைக்கு ஒருவர் போதும். தமிழ்த் துறை எதற்கு என்று கேட்பார்கள். எச்சரிக்கைச் செய்தி எழுதத்தான். "தாழ்வான பகுதியில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று வந்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். "ஏரித் தெருக்காரர்கள் இப்பவே பள்ளிக்கூடத்துக்கு வாங்க, ரேஷன் கார்டு மட்டும் எடுத்துக்கோங்க" என்றால் எழுந்திருப்பார்கள்.

சட்டப் பக்கத்தில் ஒரு பிடிமானம் இருக்கிறது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். மாவட்டத் திட்டம் ஒன்று எழுதி, ஆண்டுதோறும் திருத்தவேண்டும். அந்தத் திருத்தத்துக்கு ஊர் ஊராகத் தகவல் தேவை. தாலுகா ஆபீசில் அதற்கு ஆள் இல்லை. என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்ட) மாணவனுக்கு இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை இருக்கிறது, ஏழு நாள் முகாமும் இருக்கிறது. கோயில் வெள்ளையடிப்பதற்குப் பதில் அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள். எந்தக் குடிசைக்கு மழையில் வழி அடைபடும், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், ரோடு இல்லாத மலை ஊரிலிருந்து டோலி கட்டித் தூக்கிவர எத்தனை மணி நேரம் ஆகும் என்று எடுத்து வரட்டும். இந்த ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு கலெக்டரைப் பார்த்தால், வகுப்புக்கு அதிகாரிகளை அனுப்புவதிலிருந்து கட்டுப்பாட்டு அறையில் மாணவர்களைப் பயிற்சிக்கு உட்கார வைப்பது வரை கேட்க உங்களுக்கு வாய் இருக்கும். வெறும் விண்ணப்பத்தோடு போனால் டீ மட்டும் கிடைக்கும்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு மேலே வழி இருக்கிறது. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை டிப்ளமோ உண்டு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் முதுகலை உண்டு. அறிவியல் பட்டம் உள்ளவர்களைத் தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமோ பக்கம் திருப்பிவிடுங்கள், வேலைக்கு ஓசூர் பக்கத்திலேயே இருக்கிறது.

மூன்று குழு படித்து முடித்து வெளியே போன பிறகு, அதில் எத்தனை பேருக்கு இந்தச் சான்றிதழால் சம்பளமோ பதவியோ கொஞ்சமாவது நகர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பட்டியலோடு பெரியார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவிடம் போனால் பட்டத்தைப் பற்றிப் பேசலாம். பட்டியல் காலியாக இருந்தால், சான்றிதழோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கமில்லை.

தொடங்குவதாக இருந்தால் ஜூலை முதல் சனிக்கிழமை தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு மூன்று மாதம் கிடைக்கும். முதல் செலவாக ஒரு மழைமானி வாங்கி மரமோ கட்டடமோ மறைக்காத வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஒரு மாணவர் அளந்து, கல்லூரி வாசல் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதட்டும்.